சீம்பாலைப் பூட்டியவளுக்கு

மூன்று நாளாக என் துணி அலமாரியில் மீன் வாடை. எங்கள் வீட்டில் மீன் வாங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதையும் பின்பக்கம் வைத்துத்தான் ஆய்வோம். புடவைக்கு நடுவில் எப்படி வாடை வரும் என்று இன்று காலை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் குவித்துவிட்டுத் தேடினேன். கீழ்த்தட்டில், பழைய போர்வைக்குப் பின்னால், உன் புட்டி இருந்தது. கன்றுக்குக் கொடுக்கும் மீன் எண்ணெய்ப் புட்டி. மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருக்கிறாய். போர்வையில் ஒரு முழத்துக்கு எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. என் கல்யாணப் பட்டு தப்பித்தது புண்ணியம்.

உங்கள் வீடு முட்டைகூட நுழையாத வீடு. "எங்க நாத்தனாருக்குத் தெரிஞ்சா புட்டியோட என்னையும் சேத்து வெளிய வெச்சிடுவாங்க. உன் வீட்டுல இருக்கட்டும்டி" என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து தந்தவள் நீ. நான் இப்போது மாட்டுக் கொட்டகையிலேயே வேறொரு புட்டி வைத்திருக்கிறேன். இது நீ எப்போதோ ஒளித்துவைத்து, நாம் இரண்டு பேருமே மறந்துபோனது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. போர்வையை ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அழுது எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழ வேண்டியதை எல்லாம் அழுதாயிற்று. எனக்குக் கோபம் இருக்கிறது. உன்மேலும் இருக்கிறது, என்மேலும் இருக்கிறது. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆரணியில் நம் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடும் இல்லை, கொல்லையில் மாடு கட்டாத வீடும் குறைவு. அரிசி மில் நிறைய இருக்கிற ஊர், தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் மாடு கன்று போட்டால் அந்தச் சீம்பால் தெருவுக்குச் சொந்தம். வாய்விட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல், அதனால் யாரும் கேட்கமாட்டோம். காலி டம்ளரைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவோரம் வைத்துவிட்டு, "கன்னு இன்னா, கெடேரியா காளையா" என்று விசாரித்துவிட்டு வந்துவிடுவோம். கொஞ்ச நேரத்தில் டம்ளர் நிறைந்து வீடு தேடி வரும். அதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்து எடுத்தால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். கொடுக்கிறவர்களுக்கும் அதில் ஒரு பெருமை. எங்கள் மாடு பதினோரு வீட்டுக்குப் பால் கொடுத்தது என்று நான்கூடப் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கன்று என்ன குடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

உன் செவலை மாடு அந்தத் தடவை கன்று போட்டபோதும் வழக்கம்போல எல்லோரும் டம்ளர் கொண்டுவந்து வைத்தோம். அப்போது நீ எனக்குச் சிநேகிதி இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், யாரோடும் அதிகம் பேசாதவள், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து பார்த்தால் கொல்லைக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. பதினோரு டம்ளரும் அலம்பி, கவிழ்த்து, வரிசையாக வெளியே வைக்கப்பட்டிருந்தன. சும்மா திருப்பிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அலம்பிக் கவிழ்த்தாய் பார், அதுதான் எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது.

தெருவில் எதற்கும் முன்னால் நிற்பவர் சரோஜா அக்கா. அவர் உன் வீட்டு வாசலில் நின்று, ஒரு வாய்ப் பாலைக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டார். நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். நீ கதவுக்குப் பின்னால் பதுங்கவில்லை. வெளியே வந்தாய். கையில் பால் நுரை காயாமல் அப்படியே நின்றாய்.

"ரெண்டு கன்ன மண்ணுல பொதைச்சிட்டேன்கா. ரெண்டும் பத்து நாள் தாண்டல. மாட்டு டாக்டரம்மா கேட்டாங்க, சீம்பால் குடிச்சுதான்னு. தெரு குடிச்சுதுன்னு சொன்னேன். இனிமே அந்தப் பதில என்னால சொல்ல முடியாது" என்றாய்.

அதற்கு நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்களில் என் சத்தம்தான் பெரிசு. பூட்டுக்காரி என்று உனக்குப் பெயர் வைத்தது யார் என்று நீ கடைசிவரை கேட்டதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான்தான் வைத்தேன்.

அந்த வாரமே உன் வீட்டுத் தறிக்குப் புதுப் பாவு வந்தது. பாவு விரிக்கிற வேலை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புடவைக்கான நீள இழைகள் மொத்தத்தையும் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே எடுத்துப் போக வேண்டும். இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. அதற்குக் கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. ஒரு வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தால் மற்ற வீட்டுக் கைகள் தானாக வந்துவிடும். அன்றைக்கு ஒரு கையும் வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறி, இழை காய்ந்து, பட்பட்டென்று அறுந்துகொண்டிருந்தது. நீ குனிந்து குனிந்து முடிந்தாய். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள் நான், பத்து அடி வைத்து வந்திருக்கலாம். வரவில்லை. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

உன் கன்று சாகும் என்று தெரு காத்திருந்தது. இவ்வளவு பாலையும் குடித்தால் கழிந்தே போய்விடும் என்று சரோஜா அக்கா நாள் கணக்கு வைத்தார். அது கழியவும் இல்லை, சாகவும் இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியது. எங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பிறகு என் முறை வந்தது. என் மாடு கெடேரிக் கன்று போட்டது, நல்ல கறுப்பு. கறுப்பி என்றே கூப்பிட்டோம். நச்சுக்கொடி விழுவதற்கு முன் மடியில் கை வைக்கக்கூடாது என்று சொல்வார்களே, அதையும் தவறாமல் செய்தேன். கொடி விழும்வரை கன்று வெறும் வாயோடு கிடந்தது. அப்புறம் கறந்த பால் முழுவதும் டம்ளர் டம்ளராகத் தெருவுக்குப் போனது. உனக்கும் ஒரு டம்ளர் அனுப்பினேன், வேண்டுமென்றேதான். நீ அதை அப்படியே திருப்பி அனுப்பி, "கன்னுக்கு ஊத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றினேன்.

கறுப்பி உடனே சாகவில்லை. செத்திருந்தால் நான் எதையும் கற்றுக்கொண்டிருக்கமாட்டேன். நாலு மாதம் இருந்தது. பாலை விற்பனைக் கேனுக்கு ஊற்றிவிட்டு, அதற்குத் தவிடும் அரிசி கழுவின தண்ணீரும் மீந்த சோறும் வைத்தேன். வயிறு பானையாக வந்தது, விலா எலும்பை எண்ணலாம். வயிறு நன்றாக இருக்கிறதே, தின்கிறதே என்று நினைத்தேன். சுவரை நக்கியது. மண்ணைத் தின்றது. தறிக் குழிப் பக்கம் வந்து, கூட்டித் தள்ளிய கழிவு நூலை மென்றது. திருட்டுக் கழுதை என்று திட்டி விளக்குமாற்றால் அடித்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள் அடித்தேன்.

அது செத்த பிறகு டாக்டரம்மா வந்து வயிற்றைத் திறந்தார். உள்ளே இரண்டு கைக்கும் அடங்காத நூல் உருண்டை. அரக்கு நிறம். அப்போது என் தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையின் நிறம் அதுதான். நடுவில் சரிகைத் துணுக்கு வேறு மினுங்கியது. அந்த டாக்டரம்மா சின்னப் பெண், கோபப்படத் தெரியாதவர். "பசியில தின்னலம்மா இது. உடம்புக்குத் தேவையான தாது உப்பு இல்லன்னா இப்படித்தான் சுவரையும் நூலையும் தேடும். அது உங்ககிட்ட கேட்டுக்கினேதான் இருந்திருக்குது" என்றார். கேட்டதற்கு நான் அடித்திருக்கிறேன்.

யாரும் கூப்பிடாமல் நீ வந்தாய். நான் கொல்லையில் அழுதுகொண்டிருந்தேன். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ அதைச் சொல்லவே இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் மாட்டைப் பார்த்தாய்.

"அழுதது போதும். அடுத்த கன்னுக்கு இன்னா பண்ணப்போற, அத சொல்லு."

அதுதான் நீ எனக்குச் சொன்ன ஆறுதல். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஆறுதல் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் எழுந்து முகம் கழுவினேன்.

அன்றிலிருந்து எட்டு வருஷம் நாம் சேர்ந்து கன்று வளர்த்தோம். கன்றுத் தீவனம் கலக்குவது எங்கள் கொல்லையில், அதில் மீன் தூள் சேர்ப்பதால். உடைத்த மக்காச்சோளம் பாதி, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சமே கொஞ்சம் தவிடு, மீன் தூள், தாது உப்பு. நீ முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு முழங்கை வரை விட்டுக் கலப்பாய். கலந்து முடித்ததும் எங்கள் குழாயடியிலேயே குளித்து, என் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாய். உன் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் வந்து, இவள் உங்கள் வீட்டில் அடிக்கடி குளிக்கிறாளே, எங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதே என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது உன் காரியத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. மீன் வாசனையை மூக்கு உள்ளவனிடம் எப்படியம்மா மறைப்பது என்றார். இத்தனை வருஷமும் அந்த மனுஷர் தெரியாததுபோல இருந்திருக்கிறார்.

நீ லேசுப்பட்டவள் இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன், செத்துப்போனவர்களை எல்லாம் சாமியாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தாது உப்பை நான் கண்ணளவில் போட்டால் கையைத் தட்டிவிடுவாய். பிறந்த பத்தாம் நாள் பூச்சி மருந்தை ஒருமுறை நான் பதினோராம் நாள் கொடுத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தையல்கார டேப்பால் மாதம் ஒருமுறை கன்றின் மார்பைச் சுற்றி அளந்து, தறிக்கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போடுவாய். என் கன்று உன் கன்றைவிட அரை அங்குலம் கூடிவிட்டால் டேப் சரியில்லை என்பாய். இரண்டாவது வாரத்தில் கன்று தீவனத்தை முகர்ந்து பார்க்கவில்லை என்றால், ஒரு சிட்டிகை எடுத்து அதன் நாக்கிலேயே தடவுவாய். அது துப்பும். மறுபடி தடவுவாய். "நீ துப்பறதுக்கு முன்ன நான் சலிச்சிடுவேன்னு நெனைச்சியா" என்று கன்றிடம் கேட்பாய். எப்போதும் கன்றுதான் முதலில் சலித்துப்போகும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

கன்றுக்கு ஒரு வேளை கழிச்சல் என்றால், இங்கே டாக்டரம்மா இல்லை என்று தெரிந்ததும் பஸ் பிடித்துக் கண்ணமங்கலம் வரை போய் மருந்து வாங்கி வந்தவள் நீ. செருப்பு அறுந்தது தெரியாமல் ஓடினவள். உனக்கு நெஞ்சு எரிகிறது என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாய். கேஸு, கேஸு என்றாய். சோடா வாங்கிக் குடித்தாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கையைப் பிடித்து இழுத்ததற்கு, "மாடு செனையா கீது, இப்ப எங்கடி வர்றது, கன்னு போடட்டும்" என்றாய். பிறந்த கன்றுக்குச் சீம்பால் போக ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதம் கூடாது என்று தெருவையே எதிர்த்து நின்றவளுக்குத் தன் நெஞ்சுக்கு இரண்டு வாரம் தாமதிக்கத் தெரிந்தது. தறி மேடையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாய். இதை நான் மன்னிக்கமாட்டேன். மேலே வந்து பார்க்கும்போது முதலில் ஒரு அறை கொடுத்துவிட்டுத்தான் பேசுவேன்.

உன்னைத் தூக்கும்போது கூட்டத்தில் யாரோ, பூட்டுக்காரி போய்விட்டாள் என்று சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தப் பெயர்தான் அவர்களுக்கு வாயில் வந்தது. அது உன் நாத்தனார் காதில் விழுந்தது. தம்பி தனியாகக் கிடக்கிறாரே என்று அவர் இங்கேயே தங்கினார். நல்ல மனுஷிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சமைத்துப் போட்டார், உன் புடவைகளை மடித்து வைத்தார், உன் படத்துக்குத் தினமும் பூ வைத்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. செவலை கன்று போடட்டும், இந்த முறை சீம்பால் பூராவையும் அவள் பெயரைச் சொல்லி வீட்டுக்கு ஒரு சொம்பாகக் கொடுத்துவிடலாம், அவள் ஆத்மாவுக்கு அந்தக் கெட்ட பெயர் போகட்டும் என்றார். உன் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். தெருவில் எல்லோருக்கும் சொல்லியும் ஆயிற்று.

எனக்கு இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அவர்கள் உன்மேல் வைத்த பாசத்தில்தான் அதைச் செய்யப் பார்த்தார்கள். எதிரி என்றால் எனக்குச் சண்டை போட வரும். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் நான் பல நாள் வாயை மூடிக்கொண்டு, செவலைக்குத் தாது உப்பு மட்டும் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். பேச வேண்டிய நாளில் பேசவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்த நேரம், செவலைக்கு வலி வந்தது. உன் வீட்டுக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். நான் போவதற்குள் கன்று தரையில் கிடந்தது. கெடேரிதான். அம்மாவைப் போலவே செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டேன், தொப்புள் கொடிக்கு மருந்து வைத்தேன். மூச்சு இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கும், தொப்பென்று போடும். நீ போன துக்கத்தில் அந்த மாட்டை முதல் சில வாரம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, கன்று இளைத்துப் பிறந்திருந்தது. கொல்லைக் கதவுக்கு வெளியே சொம்புகளின் சத்தம் கேட்டது. இந்த முறை அழைத்திருந்ததால் பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு மடியடியில் உட்கார்ந்தேன். உன் நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொடி இன்னும் விழல. கைய எடு. விழுந்தப்பறம் நாங்களே கறந்துக்கறோம்."

கொடி விழட்டும், விழாமல் போகட்டும், கன்று எழுந்திருக்கவில்லை, பாருங்கள் என்றேன். அவர் கன்றைப் பார்க்கவில்லை. படியில் நின்றிருந்த தம்பியைப் பார்த்தார். அவர் மெதுவாக இறங்கி வந்தார். அவர் அழுதுகொண்டே பேசியதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவமா. ஊருக்கு ஒரு வாய் போகட்டும். செத்தப்பறமாவது அவளுக்கு அந்தக் கெட்ட பேரு வேணாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது.

"அண்ணா, அந்தப் பேர யாரும் அவளுக்குத் தூக்கிக் குடுக்கல. தெருவ பகைச்சிக்கினு, தனியா பாவு புடிச்சு, அவளே சம்பாரிச்ச பேரு அது. அத நீங்க சொம்புல ஊத்திக் குடுத்துட்டா, உயிரோட இருக்கறப்ப தோக்காதவள செத்தப்பறம் நாமளே தோக்கடிச்ச மாதிரி ஆயிடும். நான் விடமாட்டேன்."

"நீ யாரு இந்த வீட்டுக்கு?" என்று உன் நாத்தனார் கேட்டார்.

நியாயமான கேள்விதான். சொந்தமில்லை, பந்தமில்லை, உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் வராது.

"நான் யாருமில்லதான். அன்னிக்கு அவ பாவுக்கு வராம ஜன்னல்ல நின்னு வேடிக்க பாத்தவ. அவளுக்குப் பூட்டுக்காரின்னு பேரு வெச்சவளும் நான்தான். இன்னிக்கு வந்திருக்கேன். கைய விடுங்க."

கையை விட்டார். பயந்து விடவில்லை, திகைத்துப்போய் விட்டார். உன் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் வைத்தது நான்தான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. திட்டுவார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணித் தரையில் உட்கார்ந்தார். கன்றின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஜல்தி கறம்மா" என்றார்.

கறந்து, பால் புட்டியில் ஊற்றி, ரப்பர்க் காம்பை அதன் வாயில் வைத்தேன். முதலில் வழிந்தது. நாக்கைத் தடவினேன், கன்னத்தைத் தடவினேன், தொண்டையைத் தடவினேன். துப்பியது. மறுபடி வைத்தேன். உன் பிடிவாதம் எனக்கு வராது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரு தரம் மடக்கென்று விழுங்கியது. அப்புறம் அதுவாகவே இழுத்தது. தன் கையில் அதன் தொண்டை ஏறி இறங்கியதை அவர் உணர்ந்திருக்கிறார். குடிக்குது, குடிக்குது என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டு லிட்டர் உள்ளே போனதும் நான்தான் வெளியே போனேன். சொம்புகளோடு இருபது பேர் நின்றிருந்தார்கள். பால் கிடையாது, கன்றுக்குத்தான், நாளைக்கும் கிடையாது, நாலு நாளைக்குக் கிடையாது என்றேன். சரோஜா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இனிமே பூட்டுக்காரி நீயா?"

"ஆமாக்கா. எனக்கே எழுதி வெச்சிடுங்க."

ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருத்தி சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு காரித் துப்பினாள். துப்பட்டும். ஒரே ஒருத்தி மட்டும், கடைசி வீட்டு மருமகள், எல்லோரும் போன பிறகு திரும்பி வந்து, எங்கள் மாடும் சினையாக இருக்கிறது அக்கா, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கிசுகிசுப்பாகக் கேட்டாள். மாமியாருக்குத் தெரியக்கூடாதாம். கொல்லை வழியாக வா, சொல்லித் தருகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும், உனக்கு எதற்கு இந்தப் பேஜாரு என்று கேட்டார். அடுத்த பாவுக்கு யார் வருவார்கள் என்ற கவலை அவருக்கு. வருகிறவர்கள் வரட்டும். வராவிட்டால் இரண்டு முனையையும் பிடிக்க ஆள் இருக்கிறது. ஒரு முனைக்குத் தான் வருவதாக உன் வீட்டுக்காரர் தானாகவே சொல்லிவிட்டார்.

கன்று அன்று பொழுது சாய்வதற்குள் எழுந்து நின்றது. நாலு காலும் நாலு பக்கம் போக, ஆடிக்கொண்டு, ஆனால் நின்றது. இப்போது ஒரு மாதம் ஆகிறது. தீவனத்தை முகர்ந்து பார்த்து ஒரு பிடி தின்கிறது. சுவரை நக்குவதில்லை. முந்தாநாள் டேப் வைத்து அளந்து உன் வீட்டுச் சுவரில் கோடு போட்டேன். உன் நாத்தனார் என்னோடு இன்னும் பேசுவதில்லை, ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நீ இருந்திருந்தால் என்னைப் பாராட்டியிருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். எத்தனை நிமிஷத்தில் முதல் வாய் போனது என்று மட்டும் கேட்டிருப்பாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். கன்று தரையில் விழுந்ததிலிருந்து முக்கால் மணி நேரம். அதில் கால் மணி உன் வீட்டாரோடு சண்டை போட்டதில் போய்விட்டது. அடுத்த முறை அந்தச் சண்டையைக் கன்று பிறப்பதற்கு முன்னாலேயே போட்டு முடித்துவிடுவேன்.